அரசன் வென்றான், சரி; அந்தப் பையன் சாப்பிட்டானா?

இந்த முறை சிறுவர் சரித்திரக் கதைகள் பற்றி வந்த கேள்விகள் மட்டும். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மீதிப் பேருக்கும் அதே சலுகையைக் கொடுத்துவிட்டேன்.

ஓர் ஆசிரியை, தார்நாகா

*கே: சிறுவர்களுக்கான சரித்திரக் கதையில் முக்கியம் தகவலா, உணர்ச்சியா?*

ப: இரண்டும்தான். ஆனால் சார்மினார் கட்டிய வருஷம் 1591 என்பதை யாராவது 1519 என்று அச்சடித்துவிட்டால் நீங்கள் சிவப்பு மையில் சுழித்துவிடுவீர்கள். ‘தந்தை போர்க்களத்தில் மாண்ட செய்தி கேட்டு ஏழு வயதுச் சிறுவன் பெருமிதத்தோடு நெஞ்சை நிமிர்த்தினான்’ என்று எழுதினால் எந்த ஆசிரியை சுழிக்கிறார்? ஏழு வயதுப் பையன் முதலில் அந்தச் செய்தியை நம்ப மாட்டான். அப்புறம், அப்பா திரும்பி வரும்போது வாங்கிவருவதாகச் சொன்ன சாமான் இனி வராதே என்று நினைப்பான். அப்படி நினைத்துவிட்டோமே என்று தனக்குள் கூசுவான். அந்தக் கூச்சமும் சரித்திரம்தான். கல்வெட்டில் ஏறவில்லை, அவ்வளவே.

ஒரு தந்தை, மெஹதிப்பட்டினம்

*கே: மகனுக்குக் கோல்கொண்டா கோட்டையைச் சுற்றிக் காட்டினேன். “எத்தனை பேர் செத்தாங்க?” என்பதைத் தவிர அவன் வேறெதுவும் கேட்கவில்லையே!*

ப: நீங்கள் எண்ணிக்கையாகச் சொல்லியிருப்பீர்கள், அவனும் எண்ணிக்கையாகவே கேட்டுவிட்டான். 1687-இல் ஔரங்கசீப்பின் படை அந்தக் கோட்டையைச் சுற்றி எட்டு மாதம் உட்கார்ந்திருந்தது. முழுப்பரீட்சையிலிருந்து அரைப்பரீட்சை வரை என்று சொல்லுங்கள், பயல் மிரண்டுவிடுவான். முகாமில் மழை, வெள்ளம், பஞ்சம். மதிலைத் தகர்க்க முகலாயர் வைத்த வெடி முகலாயர் பக்கமே வெடித்தது. இருட்டில் மதிலேற வந்தவர்களை ஒரு நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்ததாம். சுல்தான் தானாஷா அதற்குத் தங்கச் சங்கிலி போட்டு மரியாதை செய்தாராம். செப்டம்பரில் கதவு திறந்தது, அதுவும் உள்ளிருந்து, காசுக்கு. பகைவர் உள்ளே வந்தபோது தானாஷா பதறாமல் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார் என்கிறார்கள். சுல்தானின் தளபதிகளில் கடைசிவரை வாள் வீசிய அப்துர் ரசாக் லாரி உடம்பெல்லாம் வெட்டுக்காயத்தோடு விழுந்தார். ஔரங்கசீப்பே வைத்தியர்களை அனுப்பி அவரைப் பிழைக்கவைத்தார். பின்னாளில் லாரி அதே முகலாயரிடம் உத்தியோகமும் பார்த்தார்.

இத்தனையையும் ‘வீரத்துடன் போரிட்டு வீழ்ந்தனர்’ என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். நீங்கள் மகனிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கதவைத் திறந்துவிட்ட ஆளுக்கு உன் வயதில் ஒரு பையன் இருந்திருந்தால், மறுநாள் காலையில் அவனை யார் விளையாட்டில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்? அதற்குப் பிறகும் அவன் எண்ணிக்கையே கேட்டால், ஆடிட்டராக்கிவிடுங்கள்.

‘பழைய வாசகர்’, மல்காஜ்கிரி

*கே: நாங்கள் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்கள். அதில் உணர்ச்சி யதார்த்தம் எல்லாம் யார் பார்த்தார்கள்?*

ப: பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் வந்த ராஜாக்களுக்கு ஆண்டும் கிடையாது, ஊர் விலாசமும் கிடையாது. வேதாளம் முதுகில் ஏறினால் விக்கிரமாதித்தனுக்கு முதுகு வலிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ‘கி.பி. 1687, கோல்கொண்டா’ என்று முதல் வரியில் போட்டுவிட்டீர்கள் என்றால், அங்கே நிஜமாகவே மனிதர்கள் இருந்தார்கள் என்று சத்தியம் செய்துவிட்டீர்கள். அப்புறம் அவர்களுக்கு முதுகு வலித்தே ஆகவேண்டும்.

ஒரு பாட்டி, பத்மாராவ் நகர்

*கே: குழந்தைகளுக்கு எதற்கு அழுகைக் கதை? சந்தோஷமாக நாலு கதை போதாதா?*

ப: பாட்டி, நீங்கள் பேரனுக்கு நல்லதங்காள் கதை சொல்லியே இருக்க மாட்டீர்களா? நம்பிவிட்டேன்.

குழந்தைகள் சோகத்தைத் தாங்கிக்கொள்வார்கள். சோகம் மாதிரி நடிப்பதைத்தான் தாங்க மாட்டார்கள். நம் ஹைதராபாத்திலேயே பாருங்கள்: 1908 செப்டம்பர் 28. மூசி நதி பொங்கி வந்து ஒரே நாளில் ஏறத்தாழ 15,000 பேரைக் கொண்டுபோனது. பாலங்கள் உடைந்தன, 1578-இல் கட்டிய புராணா புல் மட்டும் தாக்குப்பிடித்தது. உருது கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி தாயையும் மனைவியையும் மகளையும் இழந்து தான் மட்டும் கரையேறினார். அப்ஸல்கஞ்ச் ஆஸ்பத்திரி வளாகத்துப் புளியமரம் ஒன்றில் ஏறிக்கொண்டு சுமார் 150 பேர் பிழைத்தார்கள். அந்த மரம் இன்றைக்கும் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் நிற்கிறது.

இதைச் சிறுவர் கதையாக எழுதுகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? மரத்தின் மேல் ஒரு சிறுமி, கண்ணீர், கூப்பிய கைகள், ‘இறைவா, எங்கள் நகரைக் காப்பாற்று!’ பத்து வயதுக் குழந்தை நகரைப் பற்றி ஏன் கவலைப்படுகிறது? அவளுக்கு எறும்பு கடிக்கும். பாவாடை கிளையில் மாட்டிக் கிழியும். ஒன்றுக்கு வரும், 150 பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று தெரியாது. பக்கத்தில் தெரியாத மாமா ஒருவர் அவளைக் கெட்டியாகப் பிடித்திருப்பார். அவரிடமிருந்து வெற்றிலை வாடை வரும். கீழே ஓர் ஆடு மிதந்து போகும், அது தங்கள் வீட்டு ஆடா என்று எட்டிப் பார்ப்பாள். நடுவில் கொஞ்சம் தூங்கிக்கூடப் போவாள். அம்மா எங்கே என்ற கேள்வி விழித்த பிறகுதான் முழு எடையோடு வந்து விழும். அந்த இடத்தில் உங்கள் பேரன் அழுதால் அழட்டும், பாட்டி. மடி இருக்கிறதே!

கதை முடிந்ததும் அடுத்த அத்தியாயத்தையும் சொல்லுங்கள். பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்தார்கள், 1920-இல் உஸ்மான் சாகர், 1927-இல் ஹிமாயத் சாகர் என்று இரண்டு ஏரிகள் வந்தன. பெரியவர்கள் ஏதோ செய்தார்கள் என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டிய ஆறுதல். அது கட்டிவிட்ட ஆறுதல் இல்லை, கட்டிய ஆறுதல்.

பொறியாளர், குகட்பள்ளி

*கே: பொன்னியின் செல்வன் சிறுவர் நாவலா?*

ப: 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் பெரியவர்களுக்காகத்தான் வந்தது. பெரியவர்கள் கீழே வைத்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். காரணம் அருள்மொழிவர்மன் இல்லை, வந்தியத்தேவன். அவன் பொய் சொல்கிறான், மாட்டிக்கொள்கிறான், கோடிக்கரைப் புதைசேற்றில் இறங்கி அலறுகிறான். பயப்படத் தெரிந்த வீரனைத்தான் பிள்ளைகள் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வார்கள். உத்தமர்களுக்குச் சிலை வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்.

கல்லூரி மாணவி, கோட்டி

*கே: அரசர்களும் தளபதிகளும் இருக்கட்டும். ஹைதராபாத் சரித்திரத்தில் கதைக்குரிய நிஜக் குழந்தைகள் யாராவது உண்டா?*

ப: நீங்கள் கோட்டியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் பக்கத்து மகளிர் பல்கலைக்கழகக் கட்டடம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்சி. அங்கே கும்பினியின் பிரதிநிதியான ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் அகில்லிஸ் கிர்க்பாட்ரிக், ஹைதராபாத் பிரபுக் குடும்பத்துப் பெண் கைருன்னிஸாவை மணந்தார். இரண்டு குழந்தைகள்: சாஹிப் ஆலம், சாஹிப் பேகம். 1805-இல் அண்ணனுக்கு நாலு வயது, தங்கைக்கு மூன்று. படிப்பதற்காக இருவரையும் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். ஏறும் முன் சென்னையில் ஜார்ஜ் சின்னரி அவர்களைப் படமாக வரைந்தார். ஹைதராபாத் உடுப்போடு இருவரும் நிற்கிற படம். லண்டன் போனதும் உடுப்பு மாறியது, பெயரும் மாறியது: வில்லியம், கேதரின். அதே ஆண்டில் தந்தை கல்கத்தாவில் இறந்தார். 1813-இல் தாய் போனார். குழந்தைகள் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை.

இதுவரை சரித்திரம். உணர்ச்சி எங்கே இருக்கிறது தெரியுமா? 36 ஆண்டுகள் கழித்து, 1841-இல், மூன்று வயதில் போன அந்தக் குழந்தை நடுவயதுப் பெண்மணியாக, ஹைதராபாத்தில் உயிரோடிருந்த பாட்டி ஷரஃபுன்னிஸாவுக்கு எழுதினாள். பிரியும்போது அம்மா அழுத அழுகையும் அவர் உட்கார்ந்திருந்த இடமும் கண்முன் நிற்பதாகச் சொன்னாள். அம்மாவின் நீளக் கூந்தல் ஞாபகமிருந்தது; அதில் ஓர் இழையாவது கிடைக்காதா என்று ஏங்கினாள்.

சிறுவர்களுக்கு எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கும்பினி ஆட்சி, மதம், நிஜாமின் அரசியல் எதுவும் அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அம்மா எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது தெரிந்திருக்கிறது. குழந்தையின் ஞாபகத்துக்குக் காரணம் தங்காது, இடம் தங்கும். நீங்கள் இந்தக் கதையை எழுதினால் ‘இரு பண்பாடுகளின் மோதல்’ என்று தொடங்காதீர்கள். கப்பலில் தங்கைக்கு யார் தலை பின்னினார்கள் என்று தொடங்குங்கள். நாலு வயது அண்ணன் முயன்று பார்த்திருக்கலாம். பின்னல் கோணலாகத்தான் வந்திருக்கும். அந்தக் கோணல் பின்னல் உங்கள் கற்பனைதான், ஆனால் பொய் இல்லை.

எழுத்தாளர், சைனிக்புரி

*கே: என் கதையில் 1790-இல் பழைய நகரத்து தேவ்டி மாளிகை ஒன்றில் வாழும் ஒன்பது வயதுப் பெண், ‘பெண்ணும் ஆணும் சமம்’ என்று தாத்தாவிடம் வாதாடுகிறாள். பதிப்பாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.*

ப: தாத்தாவுக்குப் பிடித்ததா?

உங்கள் கருத்தில் எனக்குச் சண்டையே இல்லை. அதை அவள் வாயில் போட்டதில்தான். உணர்ச்சியை அவளுக்குக் கொடுங்கள், வாசகத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு நாலு வயது, நாலு மாதம், நாலு நாள் ஆனதும் எழுத்துத் தொடங்கிவைக்கும் பிஸ்மில்லா சடங்கு நடக்கும். புது உடுப்பு, பலகை, மிட்டாய். தனக்கும் நடந்ததுதான், ஆனால் தம்பிக்குப் பாடம் தொடரும், தனக்கு நின்றுவிட்டது. அவள் என்ன செய்வாள்? தத்துவம் பேச மாட்டாள். தம்பியின் பலகையை ஒளித்துவைப்பாள். அவன் அழுததும் சந்தோஷப்படுவாள், அடுத்த நிமிஷம் பாவமாக இருக்கும், எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் எழுதுவதைப் பார்த்து எழுத்தைத் திருடிக் கற்றுக்கொள்வாள். இன்றைக்குப் படிக்கிற சிறுமி ‘இது அநியாயம்’ என்று தானே சொல்லிவிடுவாள். அந்த வரியை அவளுக்காக விட்டுவையுங்கள்.

ஒரு தாய், மியாபூர்

*கே: குழந்தையை நெகிழவைப்பதற்காக உண்மையைக் கொஞ்சம் மாற்றினால் தப்பா?*

ப: ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகியின் கதை உங்கள் மகளின் பள்ளி நூலகத்தில் இருந்தாலும் இருக்கும். அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயது. பின்னால் ரத்தப் புற்றுநோய். 1955-இல் 12 வயதில் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் மடித்துக்கொண்டே இருந்தாள். 1977-இல் எலினார் கோயர் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் அவள் 644 கொக்குகளோடு நின்றுவிடுகிறாள். மீதியைத் தோழர்கள் மடித்து முடிக்கிறார்கள். படிப்பவர் கண் கலங்காமல் இருக்க முடியாது.

ஆனால் நிஜ சடாகோ ஆயிரத்தையும் தாண்டி மடித்திருக்கிறாள். ஆயிரமும் முடிந்தது, குணமாகவில்லை. அதற்கு மேலும் மடித்தாள். இரண்டில் எது கனமானது? முதலாவது, முடிக்க முடியாமல் போன பரிதாபம். இரண்டாவது, சொன்னபடி செய்தும் உலகம் சொன்னபடி நடக்கவில்லை, ஆனாலும் கை நிற்கவில்லை என்கிற உண்மை. குழந்தைக்கு இரண்டாவதைத் தாங்கும் தெம்பு இருக்காது என்று நாம்தான் முடிவுகட்டுகிறோம். ஏற்கெனவே இருக்கிற சோகத்துக்குச் சர்க்கரை போட்டால் அது பாயசமாகாது, மருந்தும் கெட்டுவிடும்.

அதே தாய், அதே கடிதத்தின் பின்பக்கம்

*கே: கடைசியில் ஒரு நீதியாவது சொல்லலாமா?*

ப: சொல்லலாம், புத்தகத்தை மூடிய பிறகு, குழந்தை கேட்டால். கேட்காவிட்டால் அதுவே நீதி.

கடைக்காரர், பேகம்பேட்டை

*கே: வாள், குதிரை, ரத்தம் இல்லாமல் சரித்திரக் கதை பிள்ளைகளிடம் போணியாகுமா?*

ப: ரத்தம் வேண்டுமென்றால் உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது, கொஞ்சமாக. 1897 ஆகஸ்டில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர் இங்கே மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசு கடிக்கவிட்டார். கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ஆகஸ்ட் 20-ஆம் தேதி, அந்தக் கொசுக்களில் ஒன்றின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு. ஹுசைன் கானுக்கு அணா.

இதைக் கானின் பக்கமிருந்து எழுதிப் பாருங்கள். காய்ச்சல், நடுக்கம், தட்டக் கூடாது என்ற கட்டளை. கொசு உட்கார்ந்தால் எரிச்சல், உட்காராமல் பறந்துவிட்டால் ‘அணா போச்சே’ என்ற எரிச்சல். டாக்டர் மேல் நன்றியும் உண்டு, சந்தேகமும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு எண்ணம் ஓடுகிற மனிதனைக் கதையில் பார்த்த பிள்ளை, வாழ்க்கையில் பார்க்கும்போது திகைக்காது. வாளும் குதிரையும் அட்டைப்படத்துக்கு இருக்கட்டும்.

ஓய்வுபெற்றவர், அல்வால்

*கே: 1948 பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதலாமா, கூடாதா?*

ப: எழுத வேண்டும். எழுதாவிட்டால் வாட்ஸ்அப் எழுதும்.

ஆனால் இந்த ஊரில் அந்த வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு பாட்டிகள் இருக்கிறார்கள். ஒரு பாட்டி, நிஜாம் ஆதரவு ஆயுதப் படையான ரஜாக்கர்கள் கிராமத்துக்கு வந்த கதையைச் சொல்வார். 1948 ஆகஸ்டில் பைரான்பள்ளியில் நடந்த படுகொலையைத் தெலங்கானா மறக்கவில்லை. அதே மாதம், நிஜாம் இந்தியாவோடு சேர வேண்டும் என்று எழுதிய பத்திரிகையாளர் ஷோயபுல்லா கான் கொல்லப்பட்டார். செப்டம்பர் 13-இல் இந்திய ராணுவம் நுழைந்து 17-இல் நிஜாம் பணிந்த பிறகு என்ன நடந்தது என்பதை இன்னொரு பாட்டி சொல்வார். முஸ்லிம்கள் மீது நடந்த வன்முறையைப் போய்ப் பார்த்துவந்த சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் பொதுப்பார்வைக்கு வரவில்லை.

சிறுவர் கதை எழுதுகிறவர் ஒரு பாட்டியை மட்டும் கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்தால், பிள்ளைக்குச் சரித்திரம் போகாது, பகை போகும். ஒரு தெரு, இரண்டு வீடு, இரண்டு பிள்ளைகள் போதும். ஆகஸ்டில் ஒரு வீடு பயந்து கதவைச் சாத்துகிறது, செப்டம்பரில் இன்னொரு வீடு சாத்துகிறது. பம்பரம் நடுத்தெருவில் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ‘அவன் ஏன் வரல?’ என்பது மட்டும். யார் செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, தெளிவாகவே சொல்லுங்கள். ஆனால் செய்தவர்களின் பிள்ளைகள் செய்யவில்லை என்பதையும் அதே தெளிவோடு சொல்லிவிட வேண்டும்.

ஒரு தந்தை, உப்பல்

*கே: சாலார் ஜங் மியூசியத்தில் அத்தனை பொக்கிஷம் இருக்க, என் பெண் அந்தக் கடிகாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்!*

ப: நல்ல ரசனை. மணிக்கு ஒருமுறை அந்தக் குட்டித் தாடிக்காரர் வெளியே வந்து மணியடிப்பதற்காகப் பெரியவர்களும்தான் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, சாலார் ஜங்கின் அரண்மனையில் இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த ஆள் யார், ஒருநாள் மறந்துவிட்டால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். பொக்கிஷம் அங்கிருந்துதான் திறக்கும்.

சமூகப்பணியாளர், சிக்கட்பள்ளி

*கே: சிறுவர் சரித்திரக் கதை என்றாலே ஏன் அரண்மனை வாசலிலேயே நிற்கிறது?*

ப: அங்கேதான் கணக்குப்பிள்ளை இருந்தார். எழுதிவைத்தவன் வீட்டுக்குச் சரித்திரம் சுலபமாக வந்துவிடுகிறது. எழுதிவைக்காத வீடுகளுக்கு நாம்தான் நடந்து போகவேண்டும். நம் ஊர் அன்வேஷி பெண்ணியல் ஆய்வு மையம் அப்படி நடந்துபோய், ‘டிஃபரண்ட் டேல்ஸ்’ என்ற வரிசையைக் கொண்டுவந்தது; கோகு ஷ்யாமளா, முகம்மது கதீர் பாபு போன்றவர்கள் அதில் எழுதினார்கள். தலித் வீட்டுப் பிள்ளைகளும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் பரிதாபத்துக்குரியவர்களாக வராமல், சமையல் வாசனையும் குறும்பும் கோபமுமாக வருகிறார்கள். கதைக்குள் வரும் ஏழைப் பிள்ளையை அழ மட்டுமே விடுவது, அவனை இன்னொரு முறை ஏழையாக்குவது.

நூலகர், திருமலகிரி

*கே: ரொம்பப் பேசுகிறீர்கள். வாங்குவதற்கு இரண்டு புத்தகம் சொல்லுங்கள்.*

ப: தமிழில் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கீழடியைப் பின்னணியாகக் கொண்ட சிறார் நாவல், 2023-க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. கீழடியைப் பெருமையாக மட்டும் பார்க்காமல், அங்கே விளையாடிய பிள்ளைகளின் ஊராகப் பார்ப்பது அதன் பலம். ஆங்கிலம் படிக்கும் பெரிய பிள்ளைகளுக்கு சித்தார்த்த சர்மாவின் ‘தி கிராஸ்ஹாப்பர்ஸ் ரன்’. 1944-இல் நாகா மலைகளில் ஜப்பானியப் படை கொன்ற நண்பனுக்காகப் பழிவாங்கக் கிளம்பும் சிறுவனின் கதை. மூன்றாவதை ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதையில் பேரம் பேசித் தேடிக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், செகந்திராபாத்

*கே: மதராஸ் படைப்பிரிவோடு கன்டோன்மென்ட்டுக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. தாத்தாவின் சிறுவயதுக் கதையை எழுத ஆசை. கேட்டால், “அந்தக் காலம் பொற்காலம்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்.*

ப: ‘அந்தக் காலம் எப்படி?’ என்று கேட்டால் பொற்காலம்தான் வரும். அவரிடம் சின்னதாகக் கேளுங்கள். எந்த வாத்தியார் அடித்தார், எதனால்? புதுச் செருப்பு எப்போது கிடைத்தது? பரேடு மைதானத்தில் யாரைப் பார்த்தால் ஓடி ஒளிவீர்கள்? தெருவில் தெலுங்கு, வீட்டில் தமிழ், கடையில் உருது என்று பேசும்போது எந்த மொழியில் திட்டு வாங்கினீர்கள்? மூன்றாவது கேள்விக்குள் தாத்தாவுக்கு ஒன்பது வயதாகிவிடும். உடனே எழுதிக்கொள்ளுங்கள், பாட்டி காபி கொண்டுவந்தால் மறுபடி எண்பதாகிவிடுவார்.

ஐந்தாம் வகுப்பு, அமீர்பேட்டை

*கே: எங்க அப்பா குழந்தைகளுக்காக ஒரு சரித்திரக் கதை எழுதியிருக்கார். எனக்குப் பிடிக்கலை. எப்படிச் சொல்றது?*

ப: ‘பிடிக்கலை’ என்று சொல்லாதே. எந்தப் பக்கத்தில் உனக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போகத் தோன்றியது என்று மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடு. நல்ல எழுத்தாளராக இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருத்துவார். நல்ல அப்பாவாக இருந்தால் முதலில் கொஞ்சம் முறைத்துவிட்டு, அப்புறம் திருத்துவார்.